கிக்ஸ்டார்ட் எழுத உட்காரும் உனக்கு

கண்ணு, கிக்ஸ்டார்ட் கோப்பு எழுதி, ஆள் இல்லாமலே லினக்ஸ் நிறுவும் வேலையை உன் கையில் கொடுத்திருக்கிறார்கள். நான் தவறிய இடங்களைச் சொல்கிறேன்.

1. எந்தப் பதிப்புக்கு எழுதினாய் என்பதைக் கோப்பின் தலையிலேயே குறித்து வை. ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7-இல் பூட் வரியில் வெறும் 'கேஎஸ்=' போதும். 9-இலோ 'இன்ஸ்ட்.' என்ற முன்னொட்டு இல்லாவிட்டால் உன் கோப்பை அது திரும்பிக்கூடப் பார்க்காது.

2. சத்தம் வரவில்லை என்பதால் வேலை முடிந்தது என்று நம்பிவிடாதே. 2019-இல் 8-ஆம் பதிப்பு வந்தபோது என் பழைய கோப்பையே ஓட்டினேன். நிறுவலின் கடைசியில் ஓடும் அதன் '%போஸ்ட்' பகுதி 'பைத்தான்' என்ற கட்டளையைக் கூப்பிட்டது. புதிய பதிப்பில் இயல்பாக அந்தப் பெயரில் கட்டளையே கிடையாது. நிறுவல் நல்லபடியாக முடிந்ததாகத் திரை சொன்னது. ஒரு இயந்திரத்திலும் கண்காணிப்பு மென்பொருள் ஏறவில்லை என்பது மூன்றாம் நாள்தான் தெரிந்தது. '--எரர்ஆன்ஃபெயில்' என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் அங்கேயே நின்றிருக்கும். தவறு நடந்தால் உரக்கச் சொல்லும் கோப்பை எழுது. நீயும் அப்படியே இரு.

3. அழிக்கும் வரியை எழுதும்போது கை நடுங்கட்டும். 'கிளியர்பார்ட் --ஆல்' கண்ணில் பட்ட வட்டையெல்லாம் துடைத்துவிடும். வட்டு ஒன்றையே குறிப்பிட்டாலும் 'எஸ்டிஏ' என்ற பெயர் நிலையானதல்ல. அடுத்த பூட்டில் வேறு வட்டுக்குப் போகலாம். அப்படித்தான் ஒரு வாடிக்கையாளரின் தரவு வட்டை அழித்தேன். அன்றே போய் என் கைத்தவறு என்று ஒப்புக்கொண்டேன். காப்புப் பிரதி இருந்ததால் பிழைத்தோம். வட்டை அதன் நிலையான அடையாளத்தால் சுட்டு: 'டிஸ்க்/பை-ஐடி'.

4. கோப்பைக் கேஎஸ்வேலிடேட்டர் என்ற கருவியிடம் பதிப்பைச் சொல்லிச் சோதி. இரு பதிப்புகளுக்கிடையே என்ன மாறியது என்பதைக் கேஎஸ்வெர்டிஃப் காட்டும். ஆனால் அவை இலக்கணம் பார்ப்பவை மட்டுமே. மெய்நிகர் இயந்திரத்தில் ஒருமுறை முழுதாக நிறுவிப் பார்க்காமல் உண்மையான சர்வரைத் தொடாதே.

5. பழையதைக் கட்டிக்கொண்டு அழாதே. உபுண்டு சர்வர் 20.04-இல் பிரீசீட் என்ற பழைய நிறுவல் முறையை விட்டு ஆட்டோஇன்ஸ்டால் என்ற புதிய முறைக்கு மாறியபோது, பழைய கோப்பை ஒட்டுப்போட்டுக் காலத்தைப் போக்கினேன். புதிதாக எழுதியிருந்தால் சீக்கிரமே முடிந்திருக்கும்.

6. ஒரு வரியை நீக்கினால் ஏன் நீக்கினாய் என்று பக்கத்தில் எழுது. உனக்குப் பின் வரும் பிள்ளை அதைத்தான் தேடும்.

முதல் நிறுவலை ஓட்டும்போது நள்ளிரவானாலும் என்னைக் கூப்பிடு. எடுப்பேன்.