ஃபெயில் போட்டால் படித்துவிடுவானா?

கல்யாண வீடு, டீக்கடை, குடும்ப வாட்ஸ்அப் குழு என்று எங்கே போனாலும், நான் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்று தெரிந்ததும் ஒரே பாட்டுதான். "எட்டாவது படிக்கிறான் சார், தமிழ் வாசிக்க வரல. எல்லாம் இந்த ஆல் பாஸால வந்த வினை. நாலு பேரை ஃபெயில் போட்டா தானா படிப்பான்." சொல்லிவிட்டு நான் தலையாட்டுவேன் என்று பார்ப்பார்கள். 5, 8ஆம் வகுப்புகளில் தேறாத பிள்ளைகளைத் தன் பள்ளிகளில் நிறுத்திவைக்கலாம் என்று 2024 டிசம்பரில் மத்திய அரசு அறிவித்த பிறகு இந்தப் பாட்டின் சத்தம் கூடிவிட்டது. தமிழ்நாடு அதைப் பின்பற்றாது என்று மாநில அரசு சொன்னதும், "ஓட்டுக்காகப் பிள்ளைகளைக் கெடுக்கிறாங்க" என்று அடுத்த சரணம்.

போதும். இதைச் சொல்பவர்களில் எத்தனை பேர் ஒரு நான்காம் வகுப்புப் பிள்ளையின் கணக்கு நோட்டைத் திறந்து பார்த்திருக்கிறார்கள்? 42இலிருந்து 17 போக மீதி எவ்வளவு என்று கேட்டால் 35 என்று எழுதியிருக்கும். ஏழிலிருந்து இரண்டு போனால் ஐந்து, நான்கிலிருந்து ஒன்று போனால் மூன்று. அந்தப் பிள்ளைக்குக் கழிக்கத் தெரியும். கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாது. அது இரண்டாம், மூன்றாம் வகுப்பிலேயே வந்திருக்க வேண்டிய பாடம். அப்போது அம்மை போட்டுப் படுத்திருக்கலாம், அறுவடைக்குப் போன பெற்றோருடன் வெளியூரில் இருந்திருக்கலாம், அல்லது எங்கள் ஆள் ஒருவர் ஒழுங்காகச் சொல்லித்தராமல் விட்டிருக்கலாம். இந்தப் பிள்ளையை ஐந்தாம் வகுப்பில் ஃபெயில் போட்டால் என்ன கிடைக்கும்? மறுபடியும் ஐந்தாம் வகுப்புப் பின்னங்கள் கிடைக்கும். அதற்குத் தேவைப்படுவது மூன்றாம் வகுப்புப் பாடமும், அதைப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஓர் ஆளும். விட்ட பாடம் ஒரு வகுப்பில் இருக்க, தண்டனையை இன்னொரு வகுப்பில் கொடுப்பதற்குப் பெயர் கண்டிப்பா?

சட்டத்தையாவது படித்திருக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. 2009இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் அதே வகுப்பில் நிறுத்திவைக்கவோ பள்ளியை விட்டு வெளியேற்றவோ கூடாது என்றது. பரீட்சையே வைக்காதே என்று அது சொல்லவில்லை. தொடர்ச்சியாகவும் முழுமையாகவும் மதிப்பிடு என்று 29ஆம் பிரிவு சொல்கிறது. ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் அறிந்து, தேவைப்பட்டால் கூடுதலாகக் கற்பிப்பது ஆசிரியரின் கடமை என்று 24ஆம் பிரிவு சொல்கிறது. மூன்றும் சேர்ந்ததுதான் திட்டம். நாம் 16ஐ மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அலமாரியில் பூட்டிவைத்தோம். இப்போது அந்த 16தான் குற்றவாளி என்கிறோம்.

"அந்தக் காலத்தில் ஃபெயில் போட்டார்கள், எல்லாரும் படித்தார்கள்" என்பதும் இதே பொய்யின் கிளைதான். அந்தக் காலத்தில் எல்லாரும் படிக்கவில்லை. படித்தவர்கள் மட்டும் இன்று உட்கார்ந்து பேசுகிறார்கள். படிக்காமல் போனவர்கள் எங்கள் பழைய சேர்க்கைப் பதிவேடுகளில் இருக்கிறார்கள். மூன்றாம் வகுப்பில் இரண்டு தடவை நிறுத்தப்பட்ட பெயர். அதன் எதிரே, நீக்கம் செய்த காரணம் எழுதும் கட்டத்தில், சிவப்பு மையில் "தொடர்ந்து வராமை". அந்தப் பெயர்கள் எந்தத் தெருவைச் சேர்ந்தவை என்று பார்த்தால் ஊரின் வரைபடமே தெரிந்துவிடும். ஆண்பிள்ளை செங்கல் சூளைக்கோ ஆட்டுக்குப் பின்னாலோ போனான். பெண்பிள்ளை தம்பியைப் பார்த்துக்கொண்டாள், பிறகு கல்யாணம். வசதியான வீட்டுப் பிள்ளை ஃபெயிலானால் டியூஷன் வைப்பார்கள். கூலி வீட்டுப் பிள்ளை ஃபெயிலானால் படிப்பே நின்றுவிடும். ஒரே விதிதான், ஆனால் அது இரண்டு வீடுகளில் இரண்டு விதமாக விடிகிறது. நியாயம் பேசுகிறவர்கள் இதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்.

கல்வி உரிமைச் சட்டம் வந்த ஆண்டிலேயே, நாட்டின் ஊரகப் பகுதிகளில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் பாதியைச் சற்றுத் தாண்டியவர்கள்தான் என்று ஏசர் (ASER) எனப்படும் கல்வி நிலை ஆய்வு கண்டது. பிறகு அது இன்னும் சரிந்தது என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் பாதிப் பிள்ளைகள் வாசிக்காத நிலையை ஆல் பாஸ் உண்டாக்கவில்லை. அந்தச் சட்டம் வரும்போதே அது இங்கே இருந்தது.

வெளிநாட்டுச் சான்று வேண்டுமென்பவர்கள் சிகாகோவைப் பார்க்கலாம். அந்த நகரத்துப் பொதுப் பள்ளிகள் 1996இல் இதே ஆல் பாஸை ஒழிக்கிறோம் என்று கிளம்பி 3, 6, 8ஆம் வகுப்புகளில் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கானோரை நிறுத்திவைத்தன. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட முடிவு: மூன்றாம் வகுப்பில் நிறுத்தப்பட்டவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தாலும் பலன் ஒன்றுமில்லை, ஆறாம் வகுப்பில் நிறுத்தப்பட்டவர்கள் முன்னைவிடப் பின்தங்கினார்கள். நிறுத்தப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள். ஊர் வேறு, தெரு ஒன்றுதான்.

நம்மூரிலும் இந்த ஆசை வந்து போனது. 2019 செப்டம்பரில் 5, 8ஆம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அரசாணை வந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் மத்திய அரசு சட்டத்தைத் திருத்தி, நிறுத்திவைப்பதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டிருந்தது. பத்து வயதுப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வா என்று எதிர்ப்புக் கிளம்பி, 2020 பிப்ரவரியில் அது கைவிடப்பட்டது. நல்லதுதான். ஆனால் தேர்வைக் கைவிட்டவர்கள் 24ஆம் பிரிவைக் கையில் எடுத்தார்களா என்றால், கொரோனா வந்துவிட்டது. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம்தான் பிள்ளையின் வகுப்பைப் பார்க்காமல் அதன் நிலையைப் பார்த்துச் சொல்லித்தர முயன்றது. அதிலும் சொல்லித்தருவதைவிட அதைச் செயலியில் பதிவேற்றுவதற்கே நேரம் போகிறது என்று இளைய ஆசிரியர்கள் என்னிடம் புலம்புகிறார்கள்.

மற்ற வதந்திகளுக்கு இவ்வளவு மூச்சு தேவையில்லை. "இப்போது பத்தாவது வரை ஆல் பாஸ்" என்கிறார்கள். இல்லை. எட்டுடன் சட்டத்தின் பாதுகாப்பு முடிகிறது. ஒன்பதாம் வகுப்பில் பலவீனமான பிள்ளையை "வேறு ஸ்கூல் பாத்துக்கங்க" என்று டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டு, மறு வருடம் வாசலில் நூறு சதவீதத் தேர்ச்சி பேனர் கட்டும் பள்ளிகளை எல்லா ஊரிலும் காணலாம்.

"வடமாநிலப் பிள்ளைகள் வந்து வகுப்பின் தரம் இறங்கிவிட்டது." வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, சிறப்புப் பயிற்சி கொடுக்கச் சொல்கிறது 4ஆம் பிரிவு. பயிற்சியைக் கொடுக்காமல் பிள்ளையைக் குறை சொல்வது வெட்கக்கேடு. தெருவில் விளையாட விட்டால் அந்தப் பிள்ளைகள் எவ்வளவு சீக்கிரம் தமிழ் பேசுகிறார்கள் என்று போய்ப் பாருங்கள்.

"பாடம் சரியில்லாததால்தான் அரசுப் பள்ளிகள் காலியாகின்றன." பாதி உண்மை. தனியார் பள்ளி மோகம் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 2005-06இலேயே 1.8 ஆகிவிட்டது, 2019-21 கணக்கெடுப்பிலும் அதே 1.8. மக்கள்தொகை குறையாமல் நிலைக்க 2.1 வேண்டும். பிள்ளையே குறைவாகப் பிறக்கும் ஊரில் பள்ளி மட்டும் எப்படி நிரம்பும்?

உண்மையான வில்லங்கம் இங்கேதான் இருக்கிறது. சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்தான். முன்பு நூற்றைம்பது பேர் படித்த பள்ளியில் இன்று முப்பது பேர் என்றால் ஆசிரியர் ஐந்திலிருந்து இரண்டாகிறார். வகுப்புகள் மட்டும் ஐந்தாகவே இருக்கின்றன. ஒருவர் ஒன்று, இரண்டு, மூன்றை ஒரே அறையில் வைத்திருப்பார். மற்றவர், அதாவது தலைமையாசிரியர், நான்கு, ஐந்துடன் எமிஸ் என்ற பள்ளித் தகவல் பதிவு, சத்துணவுக் கணக்கு, வட்டார அலுவலகக் கூட்டம் எல்லாவற்றையும் பார்ப்பார். அவர் கூட்டத்துக்குப் போன நாளில் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். கற்பித்தல் அல்லாத வேலைக்கு ஆசிரியர்களை அனுப்பாதே, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் மட்டும் விலக்கு என்று 27ஆம் பிரிவு சொல்வதை எந்த அலுவலகமும் மதிப்பதில்லை. கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாத பிள்ளையின் பக்கத்தில் உட்கார ஆள் எங்கே? பிள்ளைகள் குறைவதை ஆசிரியரைக் குறைக்கும் வாய்ப்பாகப் பார்க்கிறோம். ஒவ்வொரு பிள்ளையையும் கவனிக்க முதல்முறையாக வாய்த்த வாய்ப்பாக அதைப் பார்த்திருக்கலாம்.

ஆகவே பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். அடுத்த கூட்டத்துக்கு வேலையை ஒதுக்கிவிட்டுப் போங்கள். ஃபெயில் போடச் சொல்லிக் கேட்காதீர்கள். தலைக்கணக்கு பார்க்காமல் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்று தீர்மானம் எழுதச் சொல்லி, அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.