ரிசப்ஷன் மேடை ஏறப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

வருகிற முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ரிசப்ஷனில் நம் குழுவோடு நீ கீபோர்டு வாசிக்கப்போகிறாய் என்று உன் அப்பா சொன்னார். மனசு நிறைந்தது. டிரினிட்டி கிரேடுகளை முடித்தவன் நீ. உன் விரலைப் பற்றி எனக்குக் கவலை கிடையாது. கல்யாண மண்டபத்தில் காதுக்கும் கண்ணுக்கும்தான் வேலை அதிகம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ரிசப்ஷனுக்கு வருகிறவர் மணமக்களைப் பார்க்கவும், மொய் எழுதவும், நெடுநாள் பார்க்காத சொந்தத்தோடு பேசவும் வருகிறார். நம் பாட்டு அந்தப் பேச்சோடு கலந்துதான் அவர் காதில் விழும். கவனிக்கவில்லை என்று மட்டும் எண்ணிவிடாதே. நம் ஊரில் பாட்டு தெரிந்தவருக்கு அதன் இடையிசையும் மனப்பாடம். புல்லாங்குழல் வரவேண்டிய இடத்தில் வராவிட்டால், பந்திக்குப் போய்க்கொண்டிருப்பவர்கூட நின்று திரும்பிப் பார்ப்பார். அதனால் ஒலிப்பதிவில் இருப்பதையெல்லாம் இரண்டு கையில் அடைக்கப் பார்க்காதே. ஜனங்கள் முணுமுணுக்கும் வரி எது என்று பார்த்து அதைப் பிசகாமல் வாசி. இளையராஜா பாட்டென்றால் பேஸ் கிட்டாரின் நடைக்கு இடம் விட்டுவிடு. உன் இடது கை அங்கே குறுக்கே போகக் கூடாது.

அடுத்தது கட்டை. நீ ஜி மேஜர், எஃப் மேஜர் என்று படித்தவன். மேடையில் பாடகி உன் பக்கம் திரும்பி ‘நாலு கட்டை’ என்பார், அவ்வளவுதான். ஒரு கட்டை சி, இரண்டு டி, மூன்று ஈ, நாலு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. கறுப்புக் கட்டைகளெல்லாம் அரைக் கணக்கு: ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. படத்தில் ஐந்து கட்டையில் இருக்கும் பாட்டை அவர் நாலில் பாடுகிறார் என்றால், டிரான்ஸ்போஸை மைனஸ் இரண்டில் வைத்து, பழகிய இடத்திலேயே விரலை ஓட்டலாம். ஆனால் பேஸ் கிட்டார்காரருக்கு அப்படி ஒரு பொத்தான் இல்லை. அவர் கையை இரண்டு ஃபிரெட் இறக்கியாக வேண்டும். தபேலாக்காரர் வேறு சுருதியில் கட்டிய தபேலாவை எடுத்து வைக்க வேண்டும், குழல்காரர் குழலை மாற்ற வேண்டும். அவர்கள் மூவரும் நிமிர்ந்து உன்னைப் பார்த்த பிறகுதான் முதல் கார்டைத் தொட வேண்டும். பாட்டு முடிந்த கையோடு திரையில் பூஜ்யம் வந்துவிட்டதா என்று பார். மண்டபத்தில் கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்தச் சில நொடியில் கீபோர்டு அணைந்து எரியும்; வைத்திருந்த டிரான்ஸ்போஸும் டோனும் போய்விடும். அப்போதும் முதலில் திரையைப் பார்.

பாட்டு வரிசையைக் குழுத் தலைவர் பார்த்துக்கொள்வார். பிள்ளையார் பாட்டில் தொடங்குவோம். சீக்கிரம் வந்து சீக்கிரம் சாப்பிடுகிறவர்கள் பெரியவர்கள். அந்த நேரம் விஸ்வநாதன்–ராமமூர்த்தி காலத்துப் பாட்டுகளுக்கு. பாசமலர் 1961-இல் வந்த படம். கதை கண்ணீரில் முடிந்தாலும், அதில் எல்.ஆர். ஈஸ்வரி பாடிய கல்யாணப் பாட்டை இன்றும் கேட்டு வாங்குகிறார்கள். குத்துப் பாட்டெல்லாம் மணமக்களின் நண்பர்கள் மேடைக்கு முன்னால் சேர்ந்த பிறகு. துண்டுச் சீட்டில் கேட்டு வரும் பாட்டில் வரிகளை நினைத்துப் பார்க்காமல் தலையாட்டாதே. மெட்டு இனிப்பாக இருக்கும், வரிகள் பிரிவைப் பாடும். அந்த வீட்டில் அன்றைக்கு அது ஒலிக்கக் கூடாது என்பதில் நான் கறார்.

சத்தம் விஷயத்திலும் அப்படித்தான். முன் வரிசையில் தாத்தா பாட்டிகளை உட்கார வைத்துவிட்டு, அவர்கள் காதுக்கு நேரே ஸ்பீக்கரை நிறுத்துவது கொடுமை. ஸ்டாண்டை உயர்த்தி, தலைக்கு மேலே பின் வரிசையைப் பார்த்துத் திருப்பச் சொல். பக்கத்து நாற்காலிக்காரர்கள் காதோடு வாய் வைத்துப் பேச ஆரம்பித்தால் நாம் அதிகம் வைத்திருக்கிறோம் என்று அர்த்தம். மிக்சரில் இருப்பவருக்குக் கையைக் காட்டி இறக்கச் சொல். புல்வெளியில் நடக்கும் ரிசப்ஷன் என்றால் இரவு 10 மணியோடு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் மூடிய மண்டபத்துக்கு உள்ளே கேட்கும் அளவுக்குத்தான் விலக்குத் தருகின்றன.

சினிமாப் பாட்டுக்கு லைசென்ஸ் கட்டணம் என்று யாராவது மண்டபத்துக்கு வந்தால் பதறாதே. கல்யாண ஊர்வலத்திலும் கல்யாணத்தை ஒட்டிய விழாக்களிலும் பாட்டு இசைப்பது, 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி மீறல் ஆகாது. மத்திய அரசு 2023 ஜூலையில் இதைத் தெளிவுபடுத்தி அறிவிப்பும் வெளியிட்டது. அவரைத் தலைவரிடம் அனுப்பிவிடு.

ஆறரைக்கு முதல் பாட்டு. நாலரைக்கு மண்டபத்தில் இரு. உபரியாக இரண்டு ஜாக் கேபிள், ஒரு அடாப்டர், ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டு வா. சவுண்ட் செக் முடிந்ததும் முதல் பந்தியிலேயே சாப்பிட்டுவிடு; நாம் வயரைச் சுருட்டி முடிப்பதற்குள் கடைசிப் பந்தி எழுந்துவிடும். பாட்டுப் பட்டியலையும் பாடகர்களின் கட்டையையும் இதோடு வைத்திருக்கிறேன். சந்தேகம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வா, சேர்ந்து வாசித்துப் பார்ப்போம்.

அன்புடன்,
அண்ணன்