காதில் நோவு, கோளாறோ தாடையில்!



உடல் நலத்தைப் பற்றிப் பேசப் புகுந்தால், சர்க்கரை வியாதி என்றாலும் இரத்தக் கொதிப்பு என்றாலும் நம்மவர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள். தாடை மூட்டு என்றால், “அப்படியும் ஒரு மூட்டு உண்டா?” என்று கேட்பவர்களே அதிகம். ஆயினும், “காது அடைத்தாற் போலிருக்கிறது, உள்ளே குத்துகிறது, டாக்டரோ பார்த்துவிட்டுக் காதில் ஒன்றுமில்லை என்கிறார்” என்று முறையிடும் சகோதரர்கள் நம் கடைத்தெருவில் பலர் இருக்கின்றனர். இவ்விரண்டிற்கும் உள்ள தொடர்பை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நாம் வைத்தியர் அல்லோம். கல்லாவில் அமர்ந்து தொழில் செய்வோம். படித்தறிந்தவற்றையும், காது வைத்தியரிடமும் பல் வைத்தியரிடமும் கேட்டுத் தெளிந்தவற்றையும் நம்மைப் போன்றவர்களுக்கு விளங்கும் வகையில் இங்கே எழுதுகிறோம்.

மூட்டு இருக்குமிடம்

இரு கைகளின் ஆட்காட்டி விரல்களையும் காதுகளுக்குச் சற்று முன்னே கன்னத்தில் வைத்துக்கொண்டு, வாயை மெதுவாகத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்கடியில் ஒன்று உருண்டு முன்னே போய்ப் பின்னே வருவது தெரியும். அதுவே தாடை மூட்டு. காதுத் துவாரத்தின் முன் சுவருக்கு ஒட்டினாற் போல் அது அமைந்திருக்கிறது.

கதவுக் கீலைப் போல இது திரும்புவதோடு நில்லாமல், இழுப்பறையைப் போல முன்னே நகரவும் செய்கிறது. இரண்டு எலும்புகளுக்கும் நடுவே மெத்தை போன்ற ஒரு சிறு வட்டு உண்டு. அவ்வட்டு தன் இடத்தைவிட்டுச் சற்று விலகினால், வாய் திறக்கும்போது ‘டக்’ என்று ஓசை கேட்கும். வலியில்லாமல் ஓசை மாத்திரம் இருந்தால் அதற்கு வைத்தியம் வேண்டியதில்லை. இவ்வோசை பலருக்கும் உண்டு.

தாடையை அசைக்கும் தசைகள் கன்னத்திலும் நெற்றிப் பொட்டிலும் இருக்கின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு பொட்டில் விரலை வைத்தால் அத்தசை புடைப்பதை அறியலாம். ஓயாமல் சுமை தூக்கியவனுக்குத் தோள் வலிப்பது போலவே, ஓயாமல் பல்லைக் கடிப்பவனுக்கு இத்தசைகள் நோகும்.

காதில் ஏன் தெரிகிறது?

பக்கத்துக் கடையின் கூரை ஒழுகினால் நம் கடைச் சுவர் நனைவதுண்டன்றோ? சுவரை எத்தனை முறை பூசினாலும் ஈரம் நிற்காது. தாடைக்கும் காதுக்கும் உள்ள உறவும் இவ்வாறானதே. தாடை மூட்டிற்கு உணர்வளிக்கும் நரம்பின் கிளையே காதுத் துவாரத்தின் முன் பகுதிக்கும் செவிப்பறையின் ஒரு பகுதிக்கும் உணர்வளிக்கிறது. ஒரே கம்பியில் இரண்டு மணிகள் கட்டியிருந்தால், எதை இழுத்தார்கள் என்று கேட்பவனுக்குத் தெரியாது. மூளையும் அவ்வாறே ஏமாறுகிறது.

மேலும், செவிப்பறையை இறுக்கும் ஒரு நுண்ணிய தசையும், நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாயைத் திறக்கும் ஒரு தசையும், மெல்லும் தசைகளும் ஒரே நரம்பிலிருந்துதான் கட்டளை பெறுகின்றன. அடைப்பும் இரைச்சலும் எவ்வழியாக உண்டாகின்றன என்பதில் வைத்தியர்களிடையே இன்னமும் விவாதம் உண்டு. ஆனால் தாடை நோய் உள்ளவர்களிடம் காது வலி, அடைப்பு, இரைச்சல் ஆகியவை மிகுதியாகக் காணப்படுகின்றன என்பதில் ஐயமில்லை.

1934-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக் காது வைத்தியரான ஜேம்ஸ் காஸ்டன் என்பவர், 11 நோயாளிகளைப் பற்றி எழுதி இவ்வுறவை வைத்திய உலகின் கவனத்திற்குக் கொண்டு வந்தார். கடைவாய்ப் பற்களை இழந்ததால் தாடை பின்னுக்குப் போய் நரம்பையும் குழாயையும் நசுக்குகிறது என்பது அவர் கூறிய காரணம். பின்னர் வந்த உடற்கூறு அறிஞர்கள் அக்காரணம் பொருந்தாது என்று காட்டினர். அவர் கண்ட உறவு நிலைத்தது. சொன்ன காரணம் நிலைக்கவில்லை. இதை நாம் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. “பல் வரிசையை ராவிச் சரிசெய்தால் எல்லாம் தீரும்” என்று யாரேனும் சொன்னால், உடனே தலையாட்டிவிடக் கூடாது.

யாருக்கு வரும்?

அமெரிக்க அரசாங்கத்தின் பல் ஆராய்ச்சி நிலையம் தரும் கணக்குப்படி 100 பேரில் 5 முதல் 12 பேர் வரை தாடை மூட்டு வலி உடையவர்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். ஆகவே இதை வீட்டிலுள்ளவர்களுக்கும் படித்துக் காட்ட வேண்டுகிறோம்.

நம் தொழிலில் இதற்கு வழி கோலும் பழக்கங்கள் பல. கணக்குப் பேரேட்டைப் பார்க்கும்போது பல்லைக் கடித்தல். கடனாளியிடம் சொல்ல முடியாத கோபத்தைத் தாடையில் அடக்கி வைத்தல். தொலைபேசியைத் தோளுக்கும் கன்னத்திற்கும் இடையில் இடுக்கிக்கொண்டு பேசுதல். கல்லாவில் கை ஊன்றித் தாடையைத் தாங்குதல். பாக்கை ஓயாமல் மெல்லுதல். தூக்கத்தில் பல்லை நறநறவென்று அரைத்தல். கடைசியில் சொன்னது நமக்குத் தெரியாது. வீட்டாரைக் கேட்டால் தெரியும்.

நம் வட்டாரத்துத் துணி வியாபாரி ஒருவர். வயது ஐம்பதை நெருங்குகிறது. இரண்டு மாதங்களாக இடது காதில் அடைப்பும் குத்தலும். காது வைத்தியர் பார்த்தார், கேட்கும் திறனையும் சோதித்தார், குறையில்லை என்றார். அவருக்கோ மனம் அமைதியடையவில்லை. “செவி போய்விட்டால் வாடிக்கைக்காரனிடம் எப்படிப் பேரம் பேசுவது? கடையை மருமகனிடம் விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடலாம் என்று பார்க்கிறேன்” என்று நம்மிடம் கலங்கினார். காய்ச்சிய எண்ணெய் விட்டார். பஞ்சுக் குச்சி விட்டுக் குடைந்தார். துவாரம் புண்ணானதுதான் மிச்சம். கடையில் உடனிருக்கும் மருமகன்தான் ஒரு நாள், “மாமா, வாடகைக் கடிதம் வந்ததிலிருந்து நீங்கள் பேரேட்டைத் திறந்தாலே பல்லைக் கடிக்கிறீர்கள்” என்றான். பல் வைத்தியரிடம் போனார்கள். அவர் கன்னத் தசையை அழுத்தியதும், “இதே வலிதான், இதே வலிதான்!” என்று இவர் கூவிவிட்டார். கீழே சொல்லும் எளிய முறைகளை ஆறு வாரம் கைக்கொண்டார், குத்தல் நின்றது, அடைப்பு எப்போதேனும் எட்டிப் பார்க்கிறது. கடை இன்றும் அவர் கையிலேயே இருக்கிறது.

எவ்வாறு அறிவது?

முதற்கண் காதைக் காது வைத்தியரிடம் காட்டியே ஆக வேண்டும். அழுக்கு அடைத்திருக்கலாம், நீர் கோத்திருக்கலாம், சீழ் பிடித்திருக்கலாம். காதில் குறையில்லை என்று உறுதியான பின்பே தாடையைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

மெல்லும்போதும் கொட்டாவி விடும்போதும் வலி கூடுகிறதா? காலையில் எழும்போது கன்னம் இறுகியிருக்கிறதா? காதுக்கு முன்னேயோ பொட்டிலோ அழுத்தினால் அதே வலி தோன்றுகிறதா? தாடை சிக்கிக்கொள்கிறதா? ஆட்காட்டி விரல், நடு விரல், மோதிர விரல் ஆகிய மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கிடையே நுழைக்க முடிகிறதா? இக்கேள்விகளுக்குக் கிடைத்த விடைகளைத் தாளில் எழுதிக்கொண்டு பல் வைத்தியரிடம் செல்லுங்கள். சரக்குப் பட்டியல் இல்லாமல் கிட்டங்கிக்குப் போவாருண்டோ?

செய்ய வேண்டியவை

பெரும்பாலோருக்கு இந்நோய் எளிய முறைகளாலேயே தணிந்துவிடுகிறது. அவையாவன:

1. உதடு சேர்ந்திருக்கட்டும், பல் பிரிந்திருக்கட்டும். ‘ன’ என்று சொல்லி நிறுத்தினால் நாக்கின் நுனி எங்கே நிற்கிறதோ, அங்கேயே அதை இருத்துங்கள். பற்கள் தாமாக விலகும். கல்லாப்பெட்டியில் ஒரு சிறு தாள் ஒட்டி வைத்து, அதைப் பார்க்கும் போதெல்லாம் தாடையைத் தளர்த்துங்கள்.

2. சில வாரங்களுக்கு மெதுவான உணவு. இடியப்பம், இட்டிலி, குழைந்த சோறு, மீன் ஆகியவை நல்லன. முறுக்கு, கரும்பு, எலும்போடு கடிக்கும் கறி ஆகியவற்றை நிறுத்தி வையுங்கள். பரோட்டாவைச் சிறிது சிறிதாகப் பிய்த்துச் சால்னாவில் ஊற வைத்து உண்ணுங்கள். இரு பக்கமும் மெல்லுங்கள்.

3. கொட்டாவி வரும்போது முகவாய்க்கட்டையின் கீழே கையை வைத்துத் தாங்குங்கள்.

4. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பொறுக்கும் சூட்டில் கன்னத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து, பின் தசையை மெல்லத் தடவிவிடுங்கள்.

5. குப்புறப் படுத்துறங்கும் பழக்கத்தை விடுங்கள்.

6. வலி மாத்திரையை டாக்டரைக் கேட்டே உட்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்குச் சில மாத்திரைகள் தீங்கு செய்யும்.

7. காதில் எண்ணெய், பஞ்சுக் குச்சி, சாவி முனை எதுவும் வேண்டாம். இல்லாத நோய்க்கு மருந்திட்டு இருக்கும் செவியைக் கெடுத்துக்கொள்வதாகும்.

இவற்றால் தீராவிடில் தாடைப் பயிற்சி, தசைகளைக் கையால் நீவிவிடும் சிகிச்சை, மனக்கவலையைக் கையாளும் பயிற்சி ஆகியவை உண்டு. நாட்பட்ட தாடை வலிக்கு இவற்றையே முதன்மையாகப் பரிந்துரைத்து, 2023-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வழிகாட்டிக் குறிப்பு வெளிவந்தது. இரவில் பல்லில் மாட்டும் தட்டு, பல் தேய்வதைத் தடுக்கும். சிலருக்கு ஆறுதல் தரும். அதுவே முழு மருந்தென்று எண்ண வேண்டாம்.

பல்லை நிரந்தரமாக ராவுவதற்கும் மூட்டை அறுப்பதற்கும் அவசரப்படலாகாது. அமெரிக்காவில் 1980-களில் பலருக்குத் தாடை மூட்டினுள் செயற்கை வட்டுக்கள் வைக்கப்பட்டன. அவற்றுள் ஒரு வகை உள்ளே சிதைந்து எலும்பையே அரித்ததனால், 1990-ல் அரசாங்கம் எச்சரிக்கை விடுத்தது. 1991-ல் அவ்வகை திரும்பப் பெறப்பட்டது. எடுத்த சரக்கைத் திருப்பிக் கொடுக்கலாம். அறுத்த மூட்டைத் திருப்பிப் பெற முடியாது.

சிங்கப்பூரிலுள்ளோர் பல் வைத்தியரிடமோ பொலிகிளினிக்கிலோ காட்டி, தேவையெனில் 1997 முதல் இயங்கிவரும் தேசியப் பல் மருத்துவ நிலையத்திற்குக் கடிதம் பெறலாம். மலேசியாவிலுள்ளோர் அரசாங்கப் பல் மருத்துவ நிலையமாகிய கிளினிக் பெர்கிகியானில் தொடங்கலாம்.

தாமதிக்கலாகாதவை

“தாடைதானே” என்று வாளாவிருப்பதும் ஆபத்தே. கீழ்க்காண்பவற்றைக் கட்டாயம் நினைவிற்கொள்ளுங்கள்.

மூட்டை தூக்கும்போதோ படியேறும்போதோ தாடையில் வலி தோன்றி, ஓய்ந்தால் நிற்குமாயின் அது இருதயத்தின் முறையீடாக இருக்கக்கூடும். உடனே டாக்டரைக் காணுங்கள். நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவற்றோடு தாடை வலித்தால் கடையைப் பூட்டக்கூட நிற்க வேண்டாம். சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 அழையுங்கள்.

திடீரென ஒரு காது கேளாமற்போனால் அன்றே வைத்தியரிடம் செல்லுங்கள். நாள் கடந்தால் மருந்து பலிப்பது குறைகிறது.

சர்க்கரை வியாதியுள்ளவருக்குக் காதில் கடும் வலியும் சீழும் கண்டால் அது எலும்பு வரை பரவக்கூடிய நோயாக இருக்கலாம்.

50 வயதைக் கடந்தவருக்கு மெல்லும்போது தாடை வலியும், புதிதாய்த் தலைவலியும், தலைத்தோல் நோவும், பார்வை மங்கலும் கண்டால் அது இரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம். அன்றே வைத்தியம் செய்யாவிடில் கண் போகும்.

ஒரு பக்கக் காது வலியோ அடைப்போ நீங்காதிருந்து, கழுத்தில் கட்டி, விழுங்குவதில் தடை, குரல் மாற்றம், மூக்கில் இரத்தம், ஆறாத வாய்ப்புண் ஆகியவற்றில் ஒன்றேனும் இருந்தால், தொண்டையையும் மூக்கின் பின்புறத்தையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

பாக்குப் போடும் சகோதரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வாய் நாளுக்கு நாள் குறுகி, காரம் பட்டால் எரிந்து, கன்னத்தின் உட்புறம் வெளுத்துத் தடித்தால் அது மூட்டுக் கோளாறன்று; பாக்கினால் வரும் நார்த் தடிப்பு நோயாகும். 1952-ல் கென்யாவில் குடியேறிய இந்தியப் பெண்களிடம் இதைக் கண்டு ஒரு வைத்தியர் எழுதினார். இது புற்றாக மாறக் கூடியது. பாக்கு, புகையிலை சேராவிடினும் புற்று விளைக்கும் பொருளே என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004-ல் அறிவித்துள்ளது. மூன்று விரல் நுழையாத வாயை மூன்று நாளும் தாமதிக்காமல் காட்டுங்கள்.

முடிவாக, அன்பர்களே! காதில் நோவு கண்டால் முதலில் காதைக் காட்டுங்கள். அங்கே குறையில்லையெனில் தாடையைக் காட்டுங்கள். ஆபத்தின் அறிகுறி கண்டால் ஒரு நாளும் பொறுக்காதீர்கள். வரவு செலவைப் பற்றிய கவலை நம் தொழிலோடு பிறந்தது. அதைப் பேரேட்டில் எழுதி வையுங்கள். பல்லிடுக்கில் வைத்துக் கடிக்க வேண்டாம்.