எப்போது வருகிறது அந்தச் சத்தம்?

"வண்டியில ஏதோ சத்தம் வருதுண்ணே" என்று சாவியை நீட்டினால் எந்த மெக்கானிக்கும் ஊகத்தில்தான் தொடங்க வேண்டியிருக்கும். சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட எப்போது வருகிறது என்பதில்தான் கோளாறின் முகவரி இருக்கிறது. நிற்கும்போதா, ஊரும்போதா, வேகத்திலா, பிரேக் பிடிக்கும்போதா, ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதா? பெரியபாளையம் பக்கம் கார் ஓட்டுபவர்கள் இதைச் சோதிக்கத் தனியாக எங்கும் போக வேண்டாம். ஆடி ஞாயிறுகளில் பவானி அம்மன் கோயிலைத் தாண்ட ஊர்ந்துதான் ஆக வேண்டும். உட்சாலைகளில் லோடு லாரிகள் அழுத்திய பள்ளங்கள். ஜனப்பன்சத்திரம் கூட்டுச்சாலையில் வடக்கே திரும்பினால் கும்மிடிப்பூண்டி வரை நெடுஞ்சாலை வேகம். ஐப்பசி, கார்த்திகையில் ஆரணி ஆற்றின் தரைப்பாலங்களில் தண்ணீர். இந்த நான்கு நிலைமைகளும் காரின் வெவ்வேறு பாகங்களைச் சோதிப்பவை. எதில் அறிகுறி தலைகாட்டுகிறது என்று குறித்துக்கொண்டாலே ஒர்க்‌ஷாப்பில் பாதித் தேடல் மிச்சம்.

முதலில் ஊர்தல். நெரிசலில் நிற்கும்போது ஏசி குளிர்ச்சி குறைகிறது, கூடவே டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, சாலை விட்டதும் இரண்டும் சரியாகின்றன என்றால் சந்தேகம் ரேடியேட்டர் ஃபேன் மீது. வேகத்தில் எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். நிற்கும் வண்டிக்கு ஃபேனை விட்டால் வேறு கதியில்லை. நெடுஞ்சாலையிலும் முள் ஏறினால் கதை வேறு: கூலன்ட் குறைந்திருக்கலாம், தெர்மோஸ்டாட் திறக்காமல் இருக்கலாம், வாட்டர் பம்ப் போயிருக்கலாம். முள் சிவப்பைத் தொட்டால் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும். கூலன்ட் ஊற்ற ஊற்றக் குறைகிறது, வெளியே ஒழுகல் இல்லை, சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம். தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டிச் சமாளித்தால் கேஸ்கட்டோடு முடிய வேண்டிய செலவு சிலிண்டர் ஹெட் வரை போகும். இதே நெரிசலில் கருகல் நாற்றம் வந்தால் கிளட்சைக் கவனியுங்கள். பிறகு காலியான சாலையில் நான்காம் கியரில் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது இன்ஜின் உறுமல் ஏறியும் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

மேடுபள்ளத்தில் வரும் "டக் டக்" பெரும்பாலும் லிங்க் ராடு அல்லது புஷ். எரிச்சலூட்டும், ஆனால் ஒரு வாரம் பொறுக்கும். அதே இடத்திலிருந்து வரும் பால் ஜாயின்ட் சத்தம் பொறுக்காது. அது கழன்றால் சக்கரமே மடங்கிக்கொள்ளும். ஓட்டுபவரின் காதுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும் என்பதால், எது என்று வீட்டிலேயே முடிவுகட்டாமல் வண்டியைத் தூக்கிப் பார்க்கச் சொல்வதே சரி. ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்துத் திரும்பும்போது "கட கட" என்றால் சிவி ஜாயின்ட். குனிந்து முன்சக்கரத்தின் உள்பக்கத்தைப் பாருங்கள். கருப்புக் கிரீஸ் தெறித்திருந்தால் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறது. சத்தம் தொடங்குமுன் இதைக் கண்டுவிட்டால் பூட்டோடு போகும். மண்ணும் தூசியும் உள்ளே புகுந்தபின் ஆக்ஸிலையே மாற்ற வேண்டியிருக்கும்.

நெடுஞ்சாலையில் எண்பதைத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்குவது பெரும்பாலும் வீல் பேலன்சிங். பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க் சீராக இல்லை. வேகம் கூடக் கூட ஏறும் ரீங்காரம், வளைவில் ஒருபக்கம் சாயும்போது மாறினால் வீல் பேரிங். எப்போதும் ஒருபக்கம் இழுத்தால் முதலில் டயர் காற்றைப் பாருங்கள். பிரேக்கில் மட்டும் இழுத்தால் ஒருபக்கக் காலிப்பர் ஒட்டியிருக்கக்கூடும். பிரேக்கில் மெல்லிய கீச்சொலி வந்தால் பேட் தேய்ந்துவிட்டது, இந்த வாரமே பாருங்கள் என்று பொருள். கரகரவென்று இரும்போடு இரும்பு உரசினால் இன்றே. பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினாலோ, பலமுறை மிதித்தபின் பஞ்சுபோல் ஆனாலோ ஒர்க்‌ஷாப் வரைகூட ஓட்டக் கூடாது. மேலே ஏற்றிச் செல்லும் ரெக்கவரி வண்டிதான். பெடல் பஞ்சாவதற்குப் பிரேக் ஆயிலும் காரணமாகலாம். அது காற்றின் ஈரத்தை இழுக்கும் தன்மையுள்ளது. புது டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்; ஈரம் ஏறியபின் அது 155 வரை இறங்கலாம். அடுத்தடுத்து பிரேக் பிடித்துச் சூடேறும்போது குழாய்க்குள் ஆவிக்குமிழ் உண்டாகி, மிதியின் அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேராது. இரண்டு ஆண்டுக்கொருமுறை இதை மாற்றச் சொல்வது வீண் பேச்சல்ல.

"இப்போதைய வண்டிகளில் எல்லாவற்றுக்கும் விளக்கு எரியுமே" என்று கேட்கலாம். விளக்குக்குத் தெரிந்ததெல்லாம் சென்சார் உள்ள இடம்தான். மேலே சொன்ன பால் ஜாயின்ட், பேரிங், சிவி ஜாயின்ட், புஷ் எதற்கும் சாதாரணக் கார்களில் சென்சார் கிடையாது. எரியும் விளக்குகளிலும் நிறம் பார்க்க வேண்டும். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் அடுத்த பெட்ரோல் பங்க் வரைகூடப் போகக் கூடாது. ஆயில் அழுத்தம் இல்லாமல் ஓடும் இன்ஜின் சில நிமிடங்களில் பிடித்துக்கொள்ளும். மஞ்சள் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் ஓரிரு நாளில் ஸ்கேன் செய்தால் போதும். அதுவே விட்டு விட்டு மின்னினால் இன்ஜின் மிஸ்ஃபயர் ஆகிறது. எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுவிடும் என்பதால் வேகத்தைக் குறைத்து விரைவில் நிறுத்துங்கள். ஸ்கேனரில் பிழைக் குறியீட்டை அழித்து விளக்கை அணைத்துக் கொடுப்பவர் எதையும் சரிசெய்யவில்லை.

"மெக்கானிக்கிடம் போனால் வேண்டாததையும் மாற்றச் சொல்வார்" என்பது இன்னொரு தடை. அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் தள்ளிப்போட்டு, வண்டி நடுவழியில் நின்றபின் போகும்போதுதான் பேரம் பேச வழியே இருக்காது. ஓடும் நிலையில் கொண்டுபோனால் இரண்டு இடத்தில் கேட்கலாம். "எழுபதுக்கு மேல முன்பக்கம் இடதுல ரீங்காரம், வலதுபக்கம் திரும்பினா ஜாஸ்தியாகுது" என்று சொல்லும் வாடிக்கையாளரிடம் நான்கு சக்கர பேரிங்கையும் விற்பது கடினம். கூடவே உட்கார்ந்து ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்கள். பேட் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று கேளுங்கள். மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். சென்னை புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகம் மலிவாகக் கிடைக்கும்தான். கண்ணாடிக்கும் கதவுக்கும் அது போதும், பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் வேண்டாம்.

தண்ணீர்தான் கடைசி. பிச்சாட்டூர் அணையைத் திறந்துவிட்டால் ஆரணி ஆற்றில் வெள்ளம் வரும். தரைப்பாலத்தின் மேல் நீர் ஓடும்போது காரை இறக்கவே கூடாது. சாலையில் தேங்கிய நீரைக் கடந்தபின் மெல்ல ஓட்டிக்கொண்டே பிரேக்கை லேசாக நாலைந்து முறை அழுத்தினால் ஈரம் காயும். அதற்குப் பிறகும் பிடிமானம் குறைவாகவே இருந்தால் காட்ட வேண்டும். நீரில் இன்ஜின் நின்றுபோனால் மறுபடி சாவியைத் திருப்பாதீர்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீர் காற்றைப்போல் சுருங்காது. பிஸ்டன் அதில் முட்டி கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இந்தச் சேதத்தைச் சாதாரண காப்பீடு பெரும்பாலும் ஏற்பதில்லை. இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் பாலிசி எடுத்திருக்க வேண்டும். வண்டியைத் தள்ளி வெளியே எடுத்து, "தண்ணிக்குள்ள நின்னுடுச்சு, திரும்ப ஸ்டார்ட் பண்ணல" என்று ஒர்க்‌ஷாப்பில் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பெட்ரோல் வண்டியானால் மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிவிட்டுத்தான் மேற்கொண்டு போவார். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியைக் கயிறு கட்டி இழுக்க விடாமல், மேலே ஏற்றிச் செல்லும் ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள். இன்ஜின் ஓடாதபோது பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களுக்குள் ஆயில் சுற்றாது.