வளர்ந்தால் தானாக இளைத்துவிடுமா?

கேள்வி: அமெரிக்காவில் வளரும் என் பேரனுக்கு எட்டு வயது. எடை அதிகம் என்று டாக்டர் வேறொரு மையத்துக்கு அனுப்புகிறாராம். வளர்ந்தால் சரியாகிவிடாதா?

பதில்: கொழுகொழுவென்று இருந்தால்தான் ஆரோக்கியம் என்று நம்பிய வீடுகளில் இந்தக் கேள்வி எழுவது இயல்பு. அமெரிக்க டாக்டர்களிலும் பலர் 'பொறுத்துப் பார்ப்போம்' என்றே இருந்தார்கள். 2023 ஜனவரியில் அந்நாட்டுக் குழந்தை மருத்துவ அகாடமி, காத்திருப்பதில் பயனில்லை, உடனே தொடங்குங்கள் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது.

அங்கே டாக்டர் எடையை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. உயரத்தோடு சேர்த்து பி.எம்.ஐ. கணக்கிட்டு, அதே வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய அட்டவணையோடு ஒப்பிடுகிறார். நூற்றுக்கு 95 குழந்தைகளின் அளவை எட்டினாலோ தாண்டினாலோ அது உடல்பருமன். ரத்த அழுத்தமும் பார்ப்பார். பத்து வயதானால் கொழுப்பு, சர்க்கரை, கல்லீரல் பரிசோதனைகளும் உண்டு.

அனுப்பப்படும் மையத்தில் பையனைப் பட்டினி போடமாட்டார்கள். மூன்று முதல் பன்னிரண்டு மாதங்களில், குறைந்தது 26 மணி நேரம் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பாடு, விளையாட்டு, தூக்கம் என எல்லாவற்றையும் மாற்றப் பழக்குவார்கள். மாற வேண்டியது பிள்ளை மட்டுமல்ல, வீடும்தான். மருந்துப் பரிந்துரை பெரும்பாலும் 12 வயதிலிருந்துதான்.

குறை என்னவென்றால், இத்தகைய மையங்கள் எல்லா ஊரிலும் இல்லை. தொலைவு, காப்பீடு, பெற்றோரின் வேலை நேரம் என்று தடைகள் பல. பேரனுக்கு இடம் கிடைத்திருப்பதே நல்வாய்ப்பு.

தயங்காமல் அனுப்பச் சொல்லுங்கள். தொலைபேசியில் பேசும்போது, விளையாட்டுக்குக்கூட அவனை 'குண்டு' என்று கூப்பிடாதீர்கள்.