அரங்கனை அணைக்கும் இரு கரங்கள்

அரங்கம் என்னும் சொல்லுக்கு ஆற்றிடைக்குறை என்பதும் ஒரு பொருளாகும். ஓடும் ஆறு இரண்டாகப் பிரிந்து, இடையிலே வகுக்கும் தீவே ஆற்றிடைக்குறை. காவிரி இவ்வாறு பிரிந்து அமைத்த மூன்று தீவுகளில் எம்பெருமான் அரவணைமேல் பள்ளிகொண்டு சேவை சாதிக்கின்றான். ஆகவே, காவிரி செல்லும் வழியை அறிவது, அரங்கனைச் சேவிக்க வரும் அன்பர்களுக்குத் தலப் பெருமையை அறிவதன் ஒரு பகுதியேயாகும்.

குடகு நாட்டில், மேற்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த பிரம்மகிரியில், தலைக்காவிரி என்னுமிடத்தில் காவிரி தோன்றுகிறது. அங்கிருந்து கடல் வரை அதன் நீளம் ஏறக்குறைய 800 கிலோமீட்டர். ஹேமாவதி, லட்சுமண தீர்த்தம் ஆகிய ஆறுகளின் நீரையும் ஏற்றுக் கிருஷ்ணராஜ சாகரத்தில் தேங்கி, பின் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இரண்டாகப் பிரிந்து முதல் தீவை அமைக்கிறது. அதுவே ஆதிரங்கம். திருமுக்கூடல் நரசிபுரத்தில் கபினி வந்து கலந்தபின், சிவசமுத்திரத்தில் மீண்டும் பிரிந்து, ககனசுக்கி, பரசுக்கி என்னும் இரு பேரருவிகளாக வீழ்கிறது. அங்குள்ள தீவே மத்தியரங்கம். அவ்வருவியின் வேகத்தால் 1902-ஆம் ஆண்டிலேயே மின்சாரம் எடுத்து, கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு அனுப்பினர்.

ஒகேனக்கல்லில் பாறைகளினூடே பாய்ந்து தமிழகத்தில் இறங்கும் காவிரியை, 1934-ஆம் ஆண்டில் நிறைவுற்ற மேட்டூர் அணை தாங்கி நிறுத்துகிறது. அதன் நீர்மட்டத்தின் முழு அளவு 120 அடி. பின்னர் பவானியும், நொய்யலும், அமராவதியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர, அகன்ற காவிரியாகத் திருச்சிராப்பள்ளி நோக்கி வருகிறது. ஆடி மாதத்தில் நம் ஊர் வானம் வறண்டிருக்கையிலும் ஆற்றில் புதுவெள்ளம் வருவதன் காரணம் இதுவே: தென்மேற்குப் பருவமழை குடகு மலையிலே பொழிகிறது, அதன் பயனோ நம் வயலை வந்தடைகிறது.

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு மூன்றாம் முறை பெரும்பிரிவு கொள்கிறது. வடகிளை கொள்ளிடம், தென்கிளை காவிரி. இவ்விரண்டுக்கும் இடையே, கல்லணை வரை ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நீளமுள்ள தீவில் அமைந்திருப்பதே பூலோக வைகுண்டமாகிய திருவரங்கம்.

இவ்விரு கிளைகளின் இயல்பும் கடமையும் வேறு வேறு. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது, சரிவும் மிகுதி. பெருவெள்ளம் வருங்கால் அதைத் தான் ஏற்று விரைவில் கடலுக்குக் கொண்டு செல்வது அதன் பணி. காவிரியோ மேடான படுகையில் மெல்லச் சென்று, கிளை கிளையாகப் பிரிந்து, சோழ வளநாட்டின் வயல்களுக்கு நீர் ஊட்டுவது. கொள்ளிடம் வெள்ளத்தை ஏற்காவிடில் ஊர்கள் அழியும். நீரனைத்தையும் அதுவே ஈர்த்துக்கொண்டால் பயிர்கள் மடியும். இந்தச் சமநிலையைக் காப்பது மாந்தர் முயற்சியேயாகும்.

தீவின் கீழ்க்கோடியில் இரு கிளைகளும் மிக நெருங்குமிடத்தில், காவிரி நீர் கொள்ளிடத்தில் வழிந்து வீணாகாதபடி கரிகால் பெருவளத்தான் கல்லணையை எடுத்தான் என்பது வரலாறு. ஆற்று மணலிலே பாறைகளை அமிழ்த்தி அடித்தளம் இட்ட அம்முறையைக் கண்டு வியந்தவர் ஆர்தர் காட்டன் என்னும் ஆங்கிலப் பொறியாளர். அவர் காலத்தில் கொள்ளிடம் பெரும்பகுதி நீரை ஈர்த்துக்கொள்ள, காவிரி மணல் மேடிட்டது. ஆகவே 1836-ஆம் ஆண்டில் முக்கொம்பில் மேலணையைக் கட்டத் தொடங்கினார்; தஞ்சைத் தரணி மீண்டும் செழித்தது. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அம்மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 9 மதகுகள் வெள்ளத்தில் உடைந்தன. அதன் பின் அங்கே புதிய கதவணை எழுந்தது. முன்னோர் செய்து வைத்தது என்றெண்ணி வாளாவிருந்தால் எந்த அணையும் நில்லாது என்பதற்கு இது சான்று.

கல்லணைக்குக் கீழே வெண்ணாறு முதலிய கிளைகளுக்கெல்லாம் நீரை ஈந்து ஈந்து, பூம்புகாரில் கடலைச் சேரும்போது காவிரி ஒரு சிறு வாய்க்காலளவே எஞ்சி நிற்கிறது. உற்பத்தியில் சிறுத்து, இடையில் பெருத்து, முடிவில் அனைத்தையும் வழங்கிச் சிறுக்கும் இவ்வாற்றின் போக்கு, கைங்கரியம் செய்வார்க்கு ஒரு பாடமாகும்.

திருக்கோயில் வழக்கமும் இரு கிளைகளையும் ஒருங்கே போற்றுகிறது. பதினொரு மாதங்கள் எம்பெருமானுக்குத் திருமஞ்சனத் தீர்த்தம் வடதிருக்காவிரியாகிய கொள்ளிடத்திலிருந்து வெள்ளிக்குடத்தில் வருகிறது. ஐப்பசித் துலா மாதத்தில் மட்டும் தென்திருக்காவிரியிலிருந்து பொற்குடத்தில் யானைமீது வருகிறது. ஆடியில் நம்பெருமாள் அம்மா மண்டபத்திற்கு எழுந்தருளிக் காவிரித் தாய்க்குச் சீர் வழங்குகின்றான்.

பெருமானே சீர் வழங்கும் தாய்க்கு நாம் வழங்குவது யாது? நீராடிய பின் பழந்துணியையும் குப்பையையும் ஆற்றில் விட்டுச் செல்வது வழிபாடு ஆகாது. அத்துணிகள் மதகுகளில் சிக்கும். நீர் கீழேயுள்ள ஊர்களின் குடிநீருமாகும். படித்துறையில் இறங்கும் அன்பர்கள் வெறுங்கையோடு இறங்கி, நெஞ்சு நிறைந்து கரையேறுவார்களாக. அதுவே காவிரிக்கும், அவள் அணைத்திருக்கும் அரங்கனுக்கும் உகந்த கைங்கரியமாகும்.