நாற்கூற்று மருத்துவமும் நீரிழிவும்

மருத்துவம் என்பது மருந்து மட்டுமன்று. திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறள் (950) அதனை நான்கு கூறுகளாகப் பகுக்கின்றது: நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து அதனை அளிப்பவன். நீரிழிவு பற்றிய அரசின் திட்டங்களை இவ்வளவுகோல் கொண்டு நோக்குதல் நமக்குப் பயன் தரும்.

நோயுற்றோர் தொகை பெரிது. நாட்டில் நீரிழிவுடையோர் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர் என 2023இல் வெளியான அகில இந்திய ஆய்வு மதிப்பிட்டது. மருந்தின் வரலாறோ மாண்புடையது. 1921இல் டொராண்டோவில் இன்சுலினைக் கண்டறிந்தோர், அதன் காப்புரிமையை ஒரு டாலர் விலைக்கே பல்கலைக்கழகத்திற்கு அளித்தனர். நம் மாநிலத்தில் 1994இல் தோன்றிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு வழங்குகின்றது.

எஞ்சியது நான்காம் கூறு. நீரிழிவு ஒருநாள் மருந்தால் தீர்வதன்று. வாழ்நாள் முழுதும் மருந்து கையில் சேர வேண்டும். இதனை உணர்ந்தே 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பெற்றது. மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது.

ஆயின், வாசலில் ஆள் இருத்தல் வேண்டுமன்றோ? நம் கூடலூர்த் தொழிலாளர் பலர் விடியுமுன் ஜீப் ஏறிக் குமுளி மலைச்சாலை வழியே ஏலத்தோட்டங்களுக்குச் செல்கின்றனர், மாலையிலேயே திரும்புகின்றனர். பணியிடத்திலேயே பரிசோதிக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2024இல் தொடங்கியது. ஏலத்தோட்டமோ கேரள எல்லைக்குள் உள்ளது. வீடு தேடி வருவோர்க்கும் பணியிடம் தேடி வருவோர்க்கும் இவர்கள் அகப்படுவது அரிது. நீரிழிவு முற்றினால் பாதத்தின் உணர்ச்சி குன்றும்; முள் தைத்ததும் தெரியாது. புண் புரையோடிக் காலை இழப்பின், மலையேறிப் பிழைப்பவர்க்குக் கூலி ஏது?

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. மருந்து வழங்கலும் பரிசோதனையும் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் நடைபெற வேண்டும். ஜீப் நிற்கும் இடங்களில் முகாம் அமைய வேண்டும். இரு மாநில மருத்துவமனைகளும் ஏற்கும் ஒரே மருத்துவக் குறிப்பேடு வேண்டும். ஊர்ப் பெரியோரும் ஜமாஅத்தாரும் இவற்றை நகராட்சிக்கும் சுகாதாரத் துறைக்கும் விண்ணப்பமாக அளிக்கலாம். மாணவர்கள் தத்தம் தெருவில் மருந்து சேராதோர் பட்டியலைத் தொகுத்துத் தரலாம். நான்காம் கூற்றில் நமக்கும் பங்குண்டு.